யாரும் பார்க்காத எபிசோடு

அந்த ஓட்டலின் சலவைப் பிரிவில் அவளுக்கு ‘முன்கதை’ என்று பெயர். முந்தின நாள் சீரியலை மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வசனம் விடாமல் சொல்லுவாள். மாமியார் முறைத்தால் இவளும் முறைத்துக் காட்டுவாள். அவளுக்கு நேர் எதிரி, இஸ்திரி மெஷினில் நிற்கும் அக்கா. வில்லி என்ன அக்கிரமம் செய்தாலும், “அவ பக்கமும் நியாயம் இருக்குல்ல?” என்று வரிந்துகட்டிக்கொண்டு வருவதால் ‘வக்கீல்’. அடுத்த வாரம் கதை எப்படிப் போகும் என்று வக்கீல் அடித்துச் சொல்லுவாள். தப்பிப் போனால் கதை எழுதியவனைத் திட்டுவாளே தவிர, தனக்குத் தெரியவில்லை என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது முன்கதையின் விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இடது மார்பில், பட்டாணி அளவு. புருஷனிடம் சொல்லலாம் என்றால், மகள் இரண்டு தும்மல் போட்டாலே வீட்டைத் தலைகீழாக்குகிற மனிதர். மகளுக்கோ பரீட்சை. டாக்டரிடம் போக நினைத்தாலே, அவர் வாயிலிருந்து என்ன வருமோ என்று கால் நகரவில்லை. போகாவிட்டால் ஒன்றும் இருக்காது என்பது போல ஒரு அசட்டு நம்பிக்கை வேறு.

திங்கட்கிழமை மாலை பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்ததால் முன்கதை வீட்டில் மட்டும் டிவி ஓடியது. மறுநாள் டப்பாவைத் திறக்கும் முன்பே எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் வாய் தானாக ஓடிவிட்டது.

“மூத்த மருமக குளிக்கப் போறா. அங்க கைக்கு ஒரு கட்டி தட்டுப்படுது. மார்புல.”

“ஐயையோ!” என்றாள் துவாலை மடிக்கிறவள்.

சொல்லிவிட்டு முன்கதைக்கே பகீரென்றது. ஆனால் சொன்னது சொன்னதுதான். யாராவது ஒருத்தி ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்ல மாட்டாளா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“அவ்வளவுதான். அந்த நடிகைக்கு வேற சீரியல் கிடைச்சிருக்கும். ஒரே வாரத்துல ஆளைக் காலி பண்ணிடுவாங்க பாரு” என்றாள் துவாலைக்காரி, ஊறுகாயை நக்கிக்கொண்டே.

“சும்மா இருடி. எங்க சித்திக்கு இப்படித்தான் வந்துச்சு. வெறும் கொழுப்புக் கட்டின்னு அனுப்பிட்டாங்க” என்றாள் கறை எடுக்கிறவள்.

முன்கதைக்கு மூச்சு வந்தது. துவாலைக்காரி விடுவாளா? “வலிச்சா பயமில்லையாம். வலிக்குதான்னு காட்டினாங்களா?”

“வலிக்கல” என்றாள் முன்கதை சட்டென்று.

“அவ வீட்ல சொன்னாளா?” என்று வக்கீல் கேட்டாள்.

“சொல்லல.”

“ஏனாம்?”

“சொன்னா எல்லாரும் அவளை ஒரு மாதிரி பார்ப்பாங்களே. இப்பவே செத்துட்ட மாதிரி.”

மாமியார்தான் ஏதோ கலந்து கொடுத்திருப்பாள் என்று ஒருத்தி கிளப்ப, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. வழக்கமாக மாமியாருக்காகக் கொடி பிடிக்கிற வக்கீல் அன்று அந்த வழக்கை எடுக்கவில்லை. முன்கதையின் டப்பாவில் வைத்தது வைத்தபடி இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை துவாலைக்காரி கையைக் கூடக் கழுவாமல் வந்து நின்றாள். “நேத்து கண்ணு கொட்டாம பார்த்தேன். கட்டியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே! மூத்தவ சிரிச்சுக்கிட்டு வளையல் வாங்கறா. நீ கனவு கினவு கண்டியா?”

முன்கதை டப்பா மூடியைத் திறந்து மூடினாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். முகம் சூடேறியது.

“காட்டுவாங்கடி” என்று வக்கீல் குறுக்கே விழுந்தாள். “எல்லாத்தையும் ஒரே நாள்ல காட்டிட்டா சீரியலை எப்படி இழுக்கறது? போய் வேலையைப் பாரு.” முன்கதைக்காக வக்கீல் வாதாடியது அதுதான் முதல் தடவை.

சாப்பாடு முடிந்ததும் பெரிய விரிப்புகளை மடிக்க வக்கீல் அவளையே கூப்பிட்டாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உதறி, நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். மெஷின் சத்தத்தில் மற்றவர்களுக்கு ஒன்றும் கேட்காது. முனைகள் சேர்ந்தபோது வக்கீல் மெதுவாகச் சொன்னாள்.

“திங்கட்கிழமை எபிசோடை நேத்து ராத்திரி என் பையன் போன்ல போட்டுக் காட்டினான்.”

முன்கதை தரையைப் பார்த்தாள்.

“மூத்தவ டாக்டர்கிட்ட போனாளா?”

“இல்லக்கா.”

“ஏன்?”

“பயமா இருக்கு அவளுக்கு. ரொம்பப் பயமா இருக்கு.”

வக்கீல் திட்டவில்லை. விரிப்பை வாங்கித் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு வந்தாள். “நாளைக்கு எனக்கும் உனக்கும் லீவு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல எட்டு மணிக்கு நிக்கறேன்.”

முன்கதைக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த வாரக் கதையை அடித்துச் சொல்லுகிறவளாயிற்றே. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, இதையும் அடித்துச் சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது.

“அக்கா, அவ பொழைச்சுக்குவாளா?”

வக்கீல் அடுத்த விரிப்பின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தாள்.

“எனக்குத் தெரியலடி” என்றாள்.