சந்தனம் வைத்த பெட்டி

பழவங்காடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் போட்டோ ஸ்டுடியோ இருந்தது. படம் எடுப்பது என் கணவர். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மணப்பெண்களின் பருவை அழிப்பதும் ஆல்பம் அடுக்குவதும் நான். திருவனந்தபுரத்து ஈரத்தில் சி.டி.யில் எழுதி வைத்த கல்யாணங்களெல்லாம் அலமாரிக்குள் இருந்தபடியே பூஞ்சை பிடித்துப் போயின. கம்ப்யூட்டரிலும் இடம் இல்லை. நெட்வொர்க்கில் மாட்டிவிட்டால் எல்லாப் படங்களையும் பத்திரமாகப் போட்டு வைக்க ஒரு பெட்டி வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, எங்களுக்குள் சண்டை தொடங்கியது.

ஒரு டிஸ்க் உள்ள பெட்டியா, இரண்டு டிஸ்க் உள்ளதா என்பதுதான் சண்டை. இரண்டு டிஸ்க் என்றால் ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும், ஒன்று செத்தால் இன்னொன்று காப்பாற்றும்.

"கூடுதல் காசு குடுத்து பாதி இடம் வாங்கணுமாக்கும்? உனக்கென்ன கிறுக்கா?" என்றார் அவர்.

"சி.டி. நாசமா போனது போதாதா? இதுவும் போச்சுன்னா கல்யாண வீட்டுக்காரங்ககிட்ட யாரு பேச்சு கேக்கது? நீங்க உள்ள போய் ஒளிஞ்சுக்கிடுவீங்க, நாந்தான கேக்கணும்!"

ஓணம் வந்து போகும்வரை இந்தப் பாட்டுத்தான். கடைசியில் என் வாய்க்குப் பயந்து இரண்டு டிஸ்க் பெட்டியையே வாங்கி வந்தார். நான் ஜெயித்துவிட்டேனாம்! மண்ணாங்கட்டி. இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன, ஒரே வயரில் கரண்ட் குடிக்கின்றன என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

படங்களையெல்லாம் பெட்டிக்கு மாற்றினோம். பெட்டி முதல் டிஸ்க்கைப் பார்த்து இரண்டாவதில் எழுதத் தொடங்கியது. விளக்கு மின்னுவது நிற்கும்வரை ஆஃப் செய்யக் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கல்யாண சீசன் வருகிறதே என்ற அவசரத்தில் என் கணவர் கம்ப்யூட்டரை அதற்குள் ஃபார்மட் செய்து துடைத்து வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் விழிஞ்ஞத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். போன வருஷம் அவர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள்தான் படம் எடுத்தோம். அவருடைய மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனைக்கு சர்ச்சில் வைக்க ஒரு படம் வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் அவன் சின்ன வயதுப் படங்கள்.

"மோளே, ஆல்பத்துக்குப் படம் தெரிஞ்செடுக்க வந்தப்ப நான் இங்ஙன இருந்து கண்டதல்லோ? அவன் பிரியாணி வாளியும் பிடிச்சு சிரிச்சோண்டு நிக்கிற ஒரு படம். ஆல்பத்துல அது இல்ல. அது மதி எனக்கு, அது மட்டும் போதும்."

அவர் கேட்ட படம் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. இப்போதே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றேன். என் கணவர் கேட்டால்தானே! மின்னுகிற விளக்கைக் காட்டி, "இப்ப தொட்டா பாதியில நின்னு போகும். சரஸ்வதி பூஜை கழிஞ்சு வாங்கம்மா, பெருசா பிரேம் போட்டே தாரேன்" என்றார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம்தான் பூஜை வைப்பு, தொழில் சாமானையெல்லாம் சரஸ்வதிக்கு முன்னால் வைக்கிற நாள். கேமரா, லென்ஸ், ஆல்பம் தைக்கிற ஊசி எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினோம். பெட்டியை மட்டும் நகர்த்த முடியாது. இருந்த இடத்திலேயே அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூப் போட்டார் என் கணவர். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை எதையும் தொடக் கூடாது.

மறுநாள் மத்தியானம் இடி தொடங்கியது. எங்கள் தெருவில் இடி கேட்டதும் எல்லா வீட்டிலும் டி.வி. பிளக்கைப் பிடுங்குவார்கள், சொல்லித் தர வேண்டியதே இல்லை. ஸ்டுடியோவுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு.

"பெட்டியோட பிளக்க ஊரிட்டு வாங்க" என்றேன்.

"பூஜைக்கு வச்சதத் தொடப்பிடாது."

"பிளக்குக்கா பூஜை? பெட்டிக்குத்தான!"

"கூறில்லாம பேசாத. எழுதி முடியல்லன்னு கடைக்காரரும் சொல்லிருக்காருல்லா."

நானே எழுந்து போனேன். கதவில் குறுக்கே நின்றார். அவரைத் தள்ளிக்கொண்டு நான் போவதற்குள் வீடே வெள்ளையாகி, காது அடைத்துப்போகிற மாதிரி ஒன்று விழுந்தது. ஸ்டுடியோவுக்குள் கரிந்த நாற்றம். பெட்டியில் விளக்கு இல்லை. அப்போதும் அவர் அதைத் தொடவில்லை.

பூஜை எடுத்த பிறகு கடைக்குக் கொண்டுபோனோம். இரண்டு டிஸ்க்கும் போய்விட்டன என்றார்கள். பெங்களூருக்கு அனுப்பிப் பார்த்தோம். அங்கிருந்தும் ஒன்றும் ஆகாது என்று திரும்பி வந்துவிட்டது.

நாற்பத்தொன்றுக்கு இரண்டு நாள் முன்பு அந்த அம்மா வந்தார். என் கணவர் உள்ளே போய்விட்டார். நான்தான் சொன்னேன். இடி, பெட்டி, டிஸ்க் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம், பாவி நான் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

"சாரமில்ல மோளே, போகட்டும். நீ கண்டதல்லே அந்தப் படம்? அவன் எங்ஙன நிக்கிறான், ஒண்ணு பறஞ்ஞு தா. வீட்ல ஆளுக்கொண்ணு பறயுது. எனக்கே இப்ப சரிக்கு ஓர்மை வரல்ல."

எத்தனை கல்யாணம், எத்தனை முகம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. உள்ளே இருந்து என் கணவர் வந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "சந்தோஷமா சிரிச்சிட்டு நின்னான்மா. வெள்ளச் சட்டை" என்றார்.

அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அல்ல சாரே. நீலம்" என்றார். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கமாக நடந்து போனார்.