எல்லாம் பட்டது

சுவிஸில், ஆரா நகருக்கு வெளியே ஒரு திடலில் மாதம் ஒருமுறை கௌபாய் வேடத்தில் துப்பாக்கி சுடும் போட்டி நடக்கும். அகலத் தொப்பி, தோல் பெல்ட், இரண்டு பழைய பாணி ரிவால்வர்கள். இலக்கு இரும்புத் தகடு. குண்டு பட்டால் கணீரென்று ஒலிக்கும். மூன்று பேர் பின்னால் நின்று, எத்தனை குண்டு தவறியது என்று விரல்களால் காட்டுவார்கள். அதில் தயவு தாட்சண்யமே கிடையாது. என்னைத் தவிர அங்கிருந்த ஒரே தமிழனான நேசனும் அந்த மூவரில் ஒருவன்; ஒற்றைக் குண்டு பட்டதா தவறியதா என்ற சண்டையில் என்னோடு ஒரு மாதம் கதைக்காமல் இருந்தவன்.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என் கண்களை மங்கவைத்திருந்தது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று பத்துக் குண்டுகள் சுட்டேன். நான்கு முறைதான் இரும்பு ஒலித்தது. திரும்பிப் பார்த்தேன். மூவருமே ஒரு விரலைக்கூட நீட்டவில்லை.

"எல்லாம் பட்டது, அண்ணை," என்றான் நேசன், என் முகத்தைப் பார்க்காமல்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"ஓமடா, எனக்கும் கேட்டது," என்றேன். ரிவால்வர்களை வெறுமையாக்கிவிட்டு, பெல்ட்டைக் கழற்றி அவனிடமே கொடுத்தேன்.

ஆறு விரல்களைக் காட்டியிருந்தால், சண்டை பிடித்துவிட்டு அடுத்த மாதமும் போயிருப்பேன். அந்த இரக்கத்துக்குப் பிறகு என்னால் போக முடியவில்லை.