செவ்வாய்க்கிழமை லைன்

கல்லூரியில் படிக்கும்போது ஆங்கில அகராதியில் ‘லைன்’ என்ற சொல்லைத் தேடினேன். கோடு, கயிறு, வரிசை, தண்டவாளம், போன் இணைப்பு என்று பக்கம் முழுக்க அர்த்தம் கொட்டிக்கிடந்தது. எங்கள் வீட்டு அர்த்தத்தை மட்டும் காணோம். இவ்வளவு தடிப் புத்தகத்துக்கு இது தெரியவில்லையே என்று எரிச்சலாக வந்தது.

அப்பா அருப்புக்கோட்டையில் மொத்த வியாபாரி. கிழமைக்கு ஒரு பக்கமாக, லோடு ஆட்டோவில் சேவு, மிக்சர், பிஸ்கட் ஏற்றிக்கொண்டு போய்க் கிராமத்துக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவார். அதுதான் லைன். செவ்வாய் பரளச்சி, வியாழன் வீரசோழன். அவர் லைனுக்குப் போய்விட்டால் வீட்டிலிருந்து போன் பண்ணக் கூடாது. பண்ணினாலும் எடுக்க மாட்டார். யார் தேடி வந்தாலும் அம்மா, “அவுக லைன்ல இருக்காக” என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மாவும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பரளச்சிக் கடைக்காரர் போன் பண்ணினார். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை, பதறாமல் வாருங்கள் என்றார். உயிர் என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

பரளச்சி போகிற வழியில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்து, கருவேல மரங்களுக்குப் பக்கத்தில் ஆட்டோவை ஒதுக்கிவிட்டு சீட்டிலேயே சாய்ந்திருக்கிறார். போகிற வருகிறவர்கள் அசந்து தூங்குகிறார் என்று நினைத்துப் போய்விட்டார்கள்.

“பதினோரு மணி பஸ்ஸுக்கு முன்னாடி வந்துருவாகம்மா,” என்றார் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கடைக்காரர். “பஸ்ஸு போயி ரொம்ப நேரமாகியும் காணோம். மனசு கேக்கல. பைக்க எடுத்துக்கிட்டு எதுக்க வந்தேன்.”

அப்பா அங்கே கிடந்த நேரத்தில் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கட்டிய மனைவிக்கும் பெற்ற மகளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சேவுக்குக் காத்திருந்த மனுசருக்குத் தோன்றியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம்தான் என்றார் டாக்டர்.

உடம்பு தேறியதும் அப்பா மறுபடி லைனுக்குக் கிளம்பினார். யார் சொல்லியும் கேட்கவில்லை. அம்மா இப்போதும் அவருக்குப் போன் பண்ணுவதில்லை. செவ்வாய்க்கிழமையானால் பதினோரு மணிக்குப் பரளச்சிக் கடைக்குப் பண்ணுகிறாள்.

“அண்ணே, வந்துட்டாகளா?”

பதில் வரும்வரை நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.