இடது பின்சக்கரம்

சென்னையில் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மார்கழி பிறந்துவிட்டால் ராயபுரத்தில் விடியற்காலைக் காற்று காதை அடைக்கும், என் காரின் டயர்களில் காற்று இறங்கிவிடும். சாவி போட்டதும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரியும். டயரில் காற்று குறைவு என்று அதற்கு அர்த்தம். மூன்று குளிர்காலம் அந்த விளக்கை என் கணவரிடமிருந்து மறைத்தேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். எனக்கு இப்போது இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

அவர் டிரெய்லர் ஓட்டியவர். துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு இருபது வருடம் எண்ணூர், மாதவரம், காட்டுப்பள்ளி என்று அலைந்தவர். நாற்பத்தாறு வயதில் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பி வந்தது, நடை பாதி வந்தது, வலது கை வரவே இல்லை. அதற்கு முந்தின வருடம்தான் ஆசையாக ஒரு பழைய கார் வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். அவரைப் பிசியோதெரபிக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்க முடியாமல் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்புறம் மாதவரத்தில் நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கும் அதிலேயே போக ஆரம்பித்தேன். தன் வண்டியைப் பெண்டாட்டி ஓட்டுவதை மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு, செய்வதற்கு ஏதாவது ஒன்று வேண்டும் அல்லவா. அவர் டயரைத் தட்ட ஆரம்பித்தார்.

டிரெய்லர்க்காரர்களின் பழக்கம் அது. பின்னால் இரண்டிரண்டு சக்கரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். உள்பக்கச் சக்கரத்தில் காற்று போனால் வெளியே தெரியாது. அதனால் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் கட்டையால் தட்டிச் சத்தத்தைக் கேட்பார்கள். காற்று இருந்தால் கட்டை எகிறும், இல்லாவிட்டால் தொப்பென்று விழும். அவரிடம் ஒரு சுத்தியல் காம்பு இருந்தது, பிடித்துப் பிடித்து வழவழப்பானது. இடது கையில் அதை எடுத்துக்கொண்டு தினமும் ஆறரை மணிக்கு, நான் கிளம்புவதற்கு முன், காலை இழுத்து இழுத்து காரைச் சுற்றி வருவார்.

"வண்டி ஓடறதுக்கு முன்னாடி பாக்கணும்மே" என்பார். "ஓடினப்புறம் பாத்தா டயரு சூடாயி காத்து ஏறிக் காட்டும். அத்த நம்பி காத்த எறக்கிட்டா, மறுநாளு காத்தால பேஜாரு."

அது முழுக்கச் சரி. ஆனால் லாரி டயருக்குச் சொல்லும் சத்தம் கார் டயருக்குச் சொல்லாது. எங்கள் காருக்குக் காற்றழுத்தம் முப்பத்து மூன்று இருக்க வேண்டும். இருபத்தெட்டுக்கு இறங்கினாலும் தட்டினால் அதே சத்தம்தான் வரும். அவர் நான்கையும் தட்டிவிட்டு, "சோக்கா கீது, நீ கெளம்பு" என்பார். நான் சாவி போடுவேன். விளக்கு எரியும். அவருக்குக் கையாட்டிவிட்டுப் போவேன்.

தண்டையார்பேட்டை பெட்ரோல் பங்கில் நிறுத்திக் காற்று பிடித்துக்கொள்வேன். பங்கு மீட்டரை நம்பாமல் சின்னதாக ஒரு காற்று மீட்டர் வாங்கிக் கைப்பையில் போட்டு வைத்திருந்தேன், மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுதான் இருக்கும். முதல் தடவை அப்படிச் செய்தபோது எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. இருபதாவது தடவை எரிச்சல் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. அவர் சொல்வதற்கு நான் தலையாட்டுவேன், ஒரு வார்த்தையும் காதில் ஏறாது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அவர் இன்னொன்று கேட்பார். "நாலு இல்லமே, டயரு அஞ்சு. டிக்கிய தொற, ஸ்டெப்னிய தட்டிப் பாக்கறேன்." டிக்கியில் அவருடைய மடக்கு நாற்காலியும் என் பள்ளி நோட்டுக் கட்டுகளும் அடைத்துக் கிடக்கும். அதையெல்லாம் யார் எடுத்து வைப்பது. அடுத்த வாரம் பார்க்கலாம் மாமா என்பேன். பல வாரம் கேட்டார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார். விட்டதே நல்லது என்று நினைத்தேன்.

இந்த ஜனவரியில் அவருடைய பழைய தோஸ்து ஒருவர், கூட டிரெய்லர் ஓட்டியவர், வீட்டுக்கு வந்தார். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை இருக்கிறதாம். வெளியே போகிற ஒவ்வொரு டிரெய்லரையும் கேட்டில் நிறுத்தி, டயர்களைத் தட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும். அதுதான் மொத்த வேலை. ஒரு கை போதும். உட்கார நாற்காலி போடுவார்கள். வேலையில் சேர்ந்துவிட்டால் யார்டு வண்டியே வந்து கூட்டிப்போகும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனால் சூப்பர்வைசர் ஒரு டிரெய்லரைக் காட்டுவார், அதில் எந்தச் சக்கரத்தில் காற்று இல்லை என்று தட்டிச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் பரீட்சை.

தோஸ்து வந்துபோன அன்று சாயங்காலமே என் கணவர் தானாகப் போய் முடிவெட்டிக்கொண்டு வந்தார். மூன்று வருடத்தில் அவர் தானாகப் போய்ச் செய்த முதல் காரியம் அது. எனக்கு அழுகை வந்தது. மாதாவே, இது மட்டும் கிடைத்துவிடட்டும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை நல்ல குளிர். ஆறு மணிக்கே கிளம்பிவிட்டோம். அவர் தேய்த்த சட்டை போட்டு, மப்ளர் சுற்றிக்கொண்டு, வழக்கம்போல் காம்பை எடுத்துக் காரைச் சுற்றி வந்தார். இடது பின்சக்கரத்தில் நின்றுவிட்டார். ஒரு தரம் தட்டினார். குனிந்து மறுபடியும் தட்டினார்.

"இந்த டயரு சத்தம் வேற மாதிரி கீது. உள்பக்கம் இன்னாவோ ஆயிகீது. நீ கொஞ்சம் படுத்து பாரு."

புடவை கட்டிக்கொண்டு தெருவில் படுத்துப் பார்க்க எனக்கு மனமில்லை. நேரமாகிறது என்ற பதற்றம் வேறு. இருபத்தெட்டையும் முப்பத்து மூன்றையும் பிரிக்கத் தெரியாத காது, இன்றைக்கு என்ன கண்டுபிடித்துவிட்டது என்ற எண்ணமும் ஓடியது. அதை மறைக்க மாட்டேன். கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்து வால்வில் வைத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன்.

"பாரு மாமா, முப்பத்தி மூணு. கரீட்டா கீது. நேத்துதான் பங்க்ல புடிச்சேன். ஏறு, போலாம்."

அவர் எண்ணைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்தார். அதன் ஓரமெல்லாம் தேய்ந்து, பட்டனில் இருந்த எழுத்து அழிந்திருந்தது.

"இது எப்பத்திலேந்து கீது?"

"அது... வாங்கி கொஞ்ச நாள் ஆச்சு."

"தெனமும் பங்க்ல பாத்துக்குவியா?"

மீட்டரைக் கைப்பைக்குள் போட்டேன். அவர் பின்கதவைத் திறந்து காம்பை சீட்டில் வைத்தார். முன்னால் வந்து உட்கார்ந்து, இடது கையாலேயே பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எண்ணூர் போகிற சாலையில் டிரெய்லர்கள் வழக்கம்போல் வரிசைகட்டி நின்றன. ஓரமாக நுழைந்து நுழைந்து போய்க்கொண்டிருந்தபோது பின்னால் படாரென்று சத்தம். கார் ஒரு பக்கம் இழுத்தது. எப்படியோ ஓரம் கட்டினேன். இடது பின்சக்கரம். இறங்கிப் பார்த்தால், உள்பக்கச் சுவர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. ஏதோ ஒரு பள்ளத்தில் அடி வாங்கி உள்ளே புடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மீட்டருக்கு அதெல்லாம் தெரியாது. காற்று எவ்வளவு என்று மட்டும்தான் அது சொல்லும்.

நான் சொன்னேனே என்று அவர் கேட்பார் என நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நேரே டிக்கியிடம் போய் நின்றார். நாற்காலியையும் நோட்டுக் கட்டுகளையும் எடுத்து ரோட்டோரத்தில் வைத்தேன். ஸ்டெப்னியை வெளியே உருட்டினேன். உருளவில்லை, தட்டையாக அமுங்கியது. எத்தனை நாளாகக் காற்றில்லாமல் கிடந்ததோ.

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கையால் சக்கரத்து நட்டைத் திருகப் பார்த்தார். ஸ்பானர் நழுவி விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. இருபது வருடம் அவர் ஓட்டிய அதே சாலையில், வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லாரும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர் இறங்கி வந்தார்.

"நவுரு நைனா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

நைனா என்று பெரியவரைப்போல் கூப்பிட என் கணவருக்கு நாற்பத்தொன்பது வயதுதான். நவுருவதற்கே அவருக்கு என் தோள் தேவைப்பட்டது. அந்த டிரைவர் நல்லவர். தன் வண்டியின் பிரேக்குக்கான காற்று டாங்கில் குழாய் மாட்டி ஸ்டெப்னிக்குக் காற்று ஏற்றினார், சக்கரத்தை மாற்றிக் கொடுத்தார். நடுநடுவே அவருடைய வரிசை நகர, ஓடிப்போய் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்தார். எல்லாம் முடிந்து யார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை.

தோஸ்து கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். இன்னும் இரண்டு பேர் வந்து தட்டிக் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். யாரையும் இன்னும் முடிவு செய்யவில்லை. சூப்பர்வைசர் முகம் சுளிக்கவில்லை. ரோட்டு நிலவரம் தெரிந்தவர்தானே.

"பரவால்ல, வாங்க. அதோ நிக்கிற வண்டிதான். எந்த டயர்ல காத்து இல்லன்னு தட்டிப் பாத்துச் சொல்லுங்க."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. பின்சீட்டிலிருந்து காம்பை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"வேணாம் சார்" என்றார். "எனக்குக் காது சரியில்ல."

"இன்னா சொல்ற நீ" என்று தோஸ்து பதறினார்.

"சார், அவருக்கு நல்லா தெரியும் சார்" என்றேன் நான். "இன்னிக்குக் காலைல எங்க கார் டயர்ல உள்பக்கம் கோளாறு இருந்ததை அவர்தான் தட்டிச் சொன்னார். நான்தான் கேக்கல."

"அது குருட்டாம்போக்குல சொன்னது" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "மூணு வருசமா தப்பாதான் சொல்லிகினு இருந்துகீறேன். கேட்டுல நின்னு நான் சரின்னு அனுப்பற வண்டி வழியில வெடிச்சா, ஓட்டறவன் கதி இன்னா ஆவறது. வூட்டுல ஏமாத்தலாம் சார். இங்க முடியாது."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். தப்பாகச் சொன்ன நாளெல்லாம் சரி என்றேன், சரியாகச் சொன்ன ஒரே நாளில் தப்பு என்று மீட்டரை நீட்டினேன். அதை ஒரு யார்டு கேட்டில் நின்று விளக்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரமே அந்த வேலைக்கு வேறு ஒருவர் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு என் கணவர் காலையில் கீழே இறங்குவதில்லை. ஜன்னலுக்கும் வருவதில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். டிபன் எடுத்து வைத்தால் சாப்பிடுவார். கேட்டால் பதில் சொல்வார்.

குளிர் இன்னும் போகவில்லை. இப்போது வாசலிலேயே நின்று மீட்டரை வைத்துப் பார்க்கிறேன். மறைக்க ஆள் இல்லை. வாரம் ஒருமுறை டிக்கியைக் காலிசெய்து ஸ்டெப்னியையும் பார்க்கிறேன். ஐந்திலும் முப்பத்து மூன்று. நேற்று காம்பை எடுத்து இடது பின்சக்கரத்தைத் தட்டினேன். மேலே பார்த்து, "மாமா, சத்தம் எப்படி கீது, கேட்டுச் சொல்லேன்" என்று கூப்பிட்டேன். இன்னொரு முறை பலமாகத் தட்டினேன்.

"மீட்டர பாத்துக்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.