ஆலோசகர் சொல்லியாக வேண்டியது

தூக்கம் வராமல்தான் செங்கம் சாலையில் இருந்த அந்த மனநல ஆலோசகரிடம் போனேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண். நான் பேசுவது அந்த அறையைவிட்டு வெளியே போகாது என்று முதல் நாளே சொன்னார். ஆனால் ஒரு குழந்தையிடம் யாராவது தவறாக நடப்பது தெரியவந்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் தன் மேலேயே வழக்கு வரும் என்றார். தலையாட்டினேன். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. அது எனக்கான பேச்சில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து, சின்ன வயதில் தாய்மாமன் என்னிடம் நடந்துகொண்டதைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆலோசகர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, மாமா இப்போது எங்கே இருக்கிறார் என்றார்.

அண்ணன் வீட்டு மாடியில். அண்ணன் மகளுக்கு அவர்தான் டியூஷன் எடுக்கிறார். கொஞ்ச நாளாக அவள் மாடிக்குப் போக மாட்டேன் என்று அழுவதாக அண்ணி சொல்லியிருந்தார். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது.

"இதுக்கப்புறம் நான் சும்மா இருக்க முடியாதுங்க," என்றார் ஆலோசகர். "உங்களுக்குத் தெரியாம செய்ய மாட்டேன். நீங்க இருக்கும்போதே பேசறேன்."

வேண்டாம் என்று கெஞ்சினேன். அண்ணனிடம் நானே சொல்கிறேன் என்றேன். சொல்ல மாட்டேன் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. அவர் போனை எடுத்தார்.

அண்ணன் வீட்டுக்கு வந்த பெண் போலீஸ் அதிகாரி ஒருவரிடம் குழந்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மாமாவைக் கைது செய்தார்கள். மறுநாள் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"வீட்டு விஷயத்த ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோயிட்ட. இனிமே என்கிட்ட பேசாத."

கோபத்தில் ஆலோசகரிடம் போவதையும் விட்டேன். அலுவலகம் முடிந்தால் வேங்கிக்காலில் என் வாடகை வீடு, டிவி சத்தம், அவ்வளவுதான். கார்த்திகையில் மலையில் ஏற்றும் தீபத்தைப் பார்க்க ஊரிலிருந்து எல்லோரும் வந்து என் மொட்டை மாடியில்தான் நிற்பார்கள். அந்த வருஷமும் பாய் விரித்து, சுண்டல் செய்து வைத்தேன். யாரும் வரவில்லை. தனியாக நின்று கும்பிட்டுவிட்டுக் கீழே வந்தேன்.

பொங்கல் கழிந்து அண்ணி கூப்பிட்டார். "நான் பேசறது உங்க அண்ணனுக்குத் தெரியாது. பாப்பா இப்ப சிரிக்கறா. உனக்குச் சொல்லணும்னு தோணிச்சு." குழந்தையிடம் போனைக் கொடுக்கச் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அந்தச் செய்தியைச் சொல்ல எனக்கு இந்த ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். ஆட்டோ பிடித்துச் செங்கம் சாலைக்குப் போனேன்.