பத்து ரூபாய்க்குப் போக இருந்த கிராமபோன்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சந்தைக்குச் சந்தை போய், கிராமபோனில் பாட்டு வைத்துப் பிழைத்து வந்தேன். போன மழைக்காலத்தில் ஆம்பூரில் அது கெட்டுப்போயிற்று. எந்தத் தட்டை வைத்தாலும் தறிகெட்டு ஓடி, ஆண்குரல்கூடக் கீச்சுக்குரலாகக் கேட்டது. ஜனங்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் பட்டினி கிடந்தேன்.

வேலூர்த் தரகர் ஒருவர் பாட்டைக் கேட்டுவிட்டு, "மிஷின் செத்துப்போச்சுப்பா. பெட்டிக்காகப் பத்து ரூபாய் தர்றேன்" என்றார். சம்மதித்தேன். பணம் எடுத்துவரப் போனார்.

அப்போது தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் கரீம் பாய், கீச்சுக்குரலைக் கேட்டு அங்கே வந்தார். "இன்னா தோஸ்த், பாட்டுக்காரனை எலி கடிச்சிடுச்சா?" என்று கேட்டபடியே மேல்பலகையைக் கழற்றினார். உள்ளே, வேகத்தை அடக்கும் சிறு தோல்துண்டு தேய்ந்து கிடந்தது.

"அட, இது நம்ம சரக்கு!"

கையிலிருந்த ஆட்டுத்தோலில் நகமளவு வெட்டி, எண்ணெய் தடவிச் செருகினார். தட்டைச் சுழலவிட்டோம். பாட்டுக்காரர் பழையபடி பாடினார். எனக்குப் போன உயிர் திரும்பியது.

தரகர் திரும்பி வந்தார். மடியிலிருந்து பணத்தை எடுக்கும்போது, அதனோடு நகமளவு புதுத் தோல்துண்டு ஒன்றும் கீழே விழுந்தது.

"துண்டு ஜாஸ்தி ஆயிடுச்சே, அண்ணே!" என்றார் கரீம் பாய். கோளாறு முன்பே தெரிந்து, வாங்கியதும் மாட்டிக்கொள்ளத் தோலோடு வந்திருந்த தரகர், பணத்தை மடியில் செருகிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பாட்டு வைத்துப் பிழைப்பதை விட்டு, பழைய கிராமபோன் வாங்கி விற்கலாம் என்று முடிவு செய்து, மறுவாரம் அதைக் குடியாத்தம் நெசவாளி ஒருவருக்கு முப்பது ரூபாய்க்கு விற்றேன். புதுத் தோல் போட்டதையும் சொல்லியே விற்றேன். இப்போது பழைய பெட்டி வாங்கினாலும் விற்றாலும், மேல்பலகையைக் கழற்றி, வாங்குபவர் விற்பவர் இருவரும் உள்ளே பார்த்த பிறகுதான் விலை பேசுகிறேன்.