நாற்பத்திரண்டு சத்தங்களுக்குச் சொந்தக்காரன்

பகலில் நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவன். வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பது தொழில். சாயங்காலம் வீட்டில் அதே கேள்வியை மனைவியிடம் கேட்பேன், கையில் கிதாரை வைத்துக்கொண்டு.

காரணம், என் ப்ரீஆம்ப். கிதாரின் சத்தத்துக்குக் கனம் ஏற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் இரும்புப் பெட்டி. உள்ளே பழைய ரேடியோவில் இருப்பதுபோல் நான்கு கண்ணாடி வால்வு. குமிழ்களைத் திருகிப் பிடித்த சத்தத்துக்கு ஓர் எண் கொடுத்து அதில் சேமித்து வைக்கலாம். மேடையில், வயரால் பெட்டியோடு இணைத்த கால்பலகையில் அந்த எண்ணை மிதித்தால் சத்தம் மாறும். இரண்டு வருடமாகப் படுக்கையறையில் உட்கார்ந்து நாற்பத்திரண்டு சத்தங்கள் சேமித்திருந்தேன். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கும் பெட்டிக்கும் மட்டுமே தெரியும்.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் மனைவி சொல்வாள்: "எல்லா பாட்டுக்கும் ஒரே மாதிரிதாங்க கேக்குது." உனக்குக் காது பழகவில்லை என்று அரைமணி நேரம் வகுப்பெடுப்பேன். பாவம், கேட்டுக்கொள்வாள்.

எங்கள் குழுவில் பாடுகிறவர் அவளுடைய அண்ணன். போன மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, நீ வயர் மாட்டி முடிக்கறதுக்குள்ள வந்தவங்க பாதி பேர் கெளம்பிடறாங்க. வாசிக்கும்போதும் குனிஞ்ச தலை நிமிர மாட்டேங்கற. இந்த ஒரு ஷோ பாப்பேன். சரிப்படலன்னா வேற ஆள் பாத்துக்கறேன், தப்பா எடுத்துக்காத."

வாரம் முழுக்க அடுத்தவர் கண்ணையே பார்க்கும் எனக்கு, அந்தக் குழுவோடு நிற்கும் இரண்டு மணி நேரம்தான் வாழ்க்கை.

பெட்டியைச் சீராக்கினால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தேன். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை ஒரு நாள் விட்டுவைத்துத் திறந்தேன். இரைச்சல் போட்ட ஒரு வால்வை மாற்றி மூடினேன். சரிபார்க்க மனைவியைக் கால்பலகை முன்னால் நிறுத்திவிட்டு, நான் பெட்டியின் முன் உட்கார்ந்தேன்.

"அஞ்ச மிதி."

"மிதிச்சுட்டேன்."

பெட்டியில் ஒன்று என்று இருந்தது.

"ஒம்போது?"

"மிதிச்சாச்சு. இங்க ஒம்போதுன்னு காட்டுதே."

பெட்டியில் அதே ஒன்று.

கால்பலகை இரண்டாவது சானலில் பேசிக்கொண்டிருந்தது. பெட்டி முதலாவது சானலில் காத்துக்கொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்தே. மேடையில் ஆன் செய்ததும் ஒன்றில் நிற்கும் பெட்டி, நான் எதை மிதித்தாலும் கடைசிவரை ஒன்றிலேயே நின்றிருக்கிறது. வீட்டில் பெட்டியின் பொத்தானை அமுக்கித்தான் எண்ணை மாற்றுவேன். மேடையிலோ பெட்டி என் முதுகுக்குப் பின்னால். நான் பார்த்ததெல்லாம் கால்பலகையின் எண்ணைத்தான். காது என்ன செய்தது என்று கேட்காதீர்கள். அதுவும் எண்ணைப் பார்த்துத்தான் சொக்கிப்போயிருந்தது.

"அப்போ ரெண்டு வருஷமா..." என்ற மனைவி, முடிக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள்.

சானலைச் சரிசெய்தேன். நிகழ்ச்சியன்று பத்தே நிமிடத்தில் வயரெல்லாம் மாட்டினேன். இரண்டாவது பாட்டில் பெருமையோடு ஏழாம் எண்ணை மிதித்தேன். படுக்கையறையில் அக்கம்பக்கத்துக்குப் பயந்து மெதுவாக வைத்துச் செய்த சத்தம் அது. மேடையின் சத்தத்தில் வீலென்று ஊளையிட்டது. மச்சான் திரும்பி முறைத்தார். பதறிப்போய்க் கால்பலகையின் வயரைப் பிடுங்கி எறிந்து, பெட்டியில் ஒன்றை அமுக்கினேன்.

மிதிக்க ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல் நிமிர்ந்தேன். டிரம்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மச்சான் ஒரு வரியை இழுத்தார். நானும் கூடவே இழுத்தேன். அவர் சிரித்தார்.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். மனைவியும் பக்கத்தில் நின்றாள்.

"நடுவுல ஒரு தடவ கத்துச்சு, அத விடு. இன்னிக்குத்தான் எங்க மூஞ்சியப் பாத்து வாசிச்ச. நீயே இரு மாப்ள. ஆமா, அது எந்த சத்தம்? இத்தன நாள் எங்க வச்சிருந்த?"

இரண்டு வருடமாகக் கேட்ட அதே ஒன்றுதான் என்ற உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"இந்த வாரந்தாண்ணா செஞ்சாரு. நான்தான் கேட்டுட்டு இதையே வைங்கன்னேன்."

அவள் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

"என் தங்கச்சிக்கு நல்ல காது மாப்ள," என்றார் மச்சான்.

"ரொம்ப நல்ல காது மச்சான்," என்றேன்.